25 வயதானால் மவுசு!

புது வண்டி ஷோரூம் கேட்டைத் தாண்டிய நிமிஷமே அதன் விலையில் ஒரு பங்கு போச்சு. பி.காம். வகுப்பில் எங்கள் புரொஃபசர் போர்டில் எழுதிப் போட்ட பாடம் இது. பெயர், தேய்மானம். வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது பேரீச்சம்பழ விலைதான்.

அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கிய ஒரு சரக்கு அமெரிக்காவில் இருக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர்! காடு மேடெல்லாம் ஏறும் பிரிட்டிஷ் வண்டி. இதன் பாட்டனார் 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோது, வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தது விவசாயிகளை. போருக்குப் பிந்தைய ஸ்டீல் பஞ்சத்தால் அலுமினிய பாடி. சொகுசு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும் வண்டி.

1993-ல் அமெரிக்காவுக்கென்றே 500 டிஃபெண்டர் 110 வந்தன. விலை சுமார் 40,000 டாலர். பிறகு 90 என்ற சின்ன மாடல் வந்தது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1997-ம் வருஷ மாடலோடு கடையைக் கட்டினார்கள். இன்றைக்கு? அந்த 500-ல் நல்ல நிலையில் இருக்கும் வண்டிகள் ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டியும் போயிருக்கின்றன.

‘ஆஹா, ஷேர் மார்க்கெட்டை விட இது தேவலையே!’ என்று கை பரபரக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்டிகளைப் பற்றி வரும் ‘சந்தை நிலவர’ அறிக்கைகளையும், மேல்நோக்கிப் பாயும் கோடுகளையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

முதல் கேள்வி. ஏறுவது வண்டியின் மதிப்பா, வேலியின் மதிப்பா?

அமெரிக்காவில் 1988-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி தயாரிக்கப்படாத வெளிநாட்டு வண்டியைச் சாதாரணமாக உள்ளே விடமாட்டார்கள். ஆனால், தயாரித்து 25 வருஷம் முடிந்துவிட்டால் விதிவிலக்கு. புகை விதிக்கு 21 வருஷம் போதும். ஆக, இங்கிலாந்தில் ஒரு விவசாயியின் கொட்டகையில் ஆட்டுத் தீவனம் சுமந்த வண்டி, 25 வயதான மாசமே கப்பல் ஏறலாம். அட்லான்டிக்கைத் தாண்டியதும் அது ‘அரிய பொக்கிஷம்’!

அரியதா? 1948 முதல் 2016 ஜனவரியில் சோலிஹல் தொழிற்சாலையில் நிறுத்தும்வரை, இந்தக் குடும்பத்தில் 20 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். கணக்குப் போடுங்கள். கடைசி வண்டிக்கு 25 வயதாவது 2041-ல். அதுவரை மாசாமாசம் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே இருக்கும். வரத்து கூடிக்கொண்டே போகும் பொருளைப் போய் ‘இனி கிடைக்காது’ என்று விற்பது என்ன வியாபாரம்?

அந்த 500-க்கு மவுசு இருப்பது நியாயம். அது நிஜமாகவே 500தான். ஆனால் அதன் விலையைக் காட்டி, பக்கத்தில் நிற்கும் சாதாரண வண்டிக்கும் விலை ஏற்றுவதுதான் வித்தை.

இரண்டாவது கேள்வி. கோடு போடுவது யார்?

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஹாகர்ட்டி நிறுவனத்தின் விலைக் கையேடு. வண்டியின் நிலைமையை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்து, தனித்தனியாக விலை சொல்கிறது. உருப்படியான வேலை, பாராட்டுவோம். ஆனால் ஹாகர்ட்டி அடிப்படையில் பழைய கார்களுக்கு இன்ஷூரன்ஸ் தரும் கம்பெனி. 2022-ல் ஓர் ஏல நிறுவனத்தையும் வாங்கியது. இதில் தப்பு ஏதும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. தராசு பிடிப்பவருக்கே கடையும் இருந்தால், முள்ளை ரெண்டு தடவை பார்ப்பது வாங்குபவரின் வேலை. அவ்வளவுதான்.

மூன்றாவது, கோட்டில் வராத கணக்கு. ஒரு பேச்சுக்கு, 50,000 டாலருக்கு வாங்கி, பத்து வருஷம் கழித்து 80,000-க்கு விற்கிறீர்கள். அறுபது சதவிகித லாபம்! கைதட்டுங்கள். இன்ஷூரன்ஸ், நிறுத்தும் இடம், ரிப்பேர் என்று வருஷத்துக்கு 2,000 என்றால் பத்து வருஷத்துக்கு 20,000. மிச்சம் 10,000. ஆண்டுக்கு இரண்டு சதவிகிதம்கூடத் தேறவில்லை. பாடிதான் அலுமினியம், அடியில் இருக்கும் சேஸி இரும்பு சார்! துரு பிடித்துவிட்டால் அந்தப் பத்தாயிரமும் அம்பேல். ஏலத்தில் எதிர்பார்த்த விலை வராமல் திரும்பிப் போன வண்டிகளின் சோகமும் அந்தக் கோட்டில் இருக்காது. விற்றதுதானே விலை!

இதைவிட மோசம், ஆசை முற்றினால் நடப்பது. வயசு போதாத வண்டிக்குப் பழைய வண்டியின் நம்பர் பிளேட்டைப் பொருத்தி ‘வயசுக்கு வந்தாச்சு’ என்று விற்றிருக்கிறார்கள். நான் சொல்வது ரோட்டில் தெரியும் பிளேட் அல்ல, தொழிற்சாலை நம்பர். 2013-ல் அமெரிக்க சுங்கத்துறை அப்படியொரு டிஃபெண்டரை நசுக்கி, வீடியோவே வெளியிட்டது. அடுத்த வருஷம் சுமார் 40 வண்டிகளை, சட்டவிரோதமாக வந்தவை என்று சொல்லி, வாங்கியவர்களின் வீட்டு வாசலிலிருந்தே எடுத்துப் போனார்கள். நம்பிக் காசு கொடுத்தவன்தான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம். ஓட்டப் பிடிக்கிறதா, வாங்குங்கள். சேறு படட்டும், கீறல் விழட்டும். அந்த வண்டி பிறந்ததே அதற்குத்தான். ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு, போர்வை போர்த்தி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் வாங்காதீர்கள்.

எங்கள் புரொஃபசர் சொன்ன தேய்மானம் பொய்யில்லை. வண்டி தேயாமல் அப்படியே நிற்கிறது என்றால், தேய்ந்துகொண்டிருப்பது நீங்கள்!