திரளும் அமைப்பும்: ‘ருவிற்றரும் கண்ணீர்ப்புகையும்’ நூல் குறித்து ஒரு மதிப்பீடு

மக்களை ஒன்றுதிரட்டும் சாதனங்கள் மாறும்போது மக்கள் இயக்கங்களின் இயல்பும் மாறுகின்றது. அச்சுப்பொறி, ரோணியோ இயந்திரம், வானொலி ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் காலத்து இயக்கங்களில் தம் சுவடுகளைப் பதித்துள்ளன. கைத்தொலைபேசியும் சமூக ஊடகங்களும் இவ்வரிசையில் வைத்து ஆராயப்பட வேண்டியவையாகும். எனினும், இவை பற்றிய எழுத்துகள் பலகாலம் இரு துருவங்களிலேயே நின்றன. அமைப்பு எதுவுமின்றியே மக்கள் ஒருங்கிணைய இயலுமென 2008 இல் கிளே ஷேர்க்கி நம்பிக்கையுடன் எழுதினார். இணையம் அடக்குமுறையாளருக்கும் வாய்ப்பான கருவியே என 2011 இல் எவ்ஜெனி மொறொசோவ் எச்சரித்தார். இவ்விரு நிலைப்பாடுகளையும் கடந்து செல்ல முயன்ற நூல், துருக்கியிற் பிறந்த சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி 2017 இல் வெளியிட்ட ‘ருவிற்றரும் கண்ணீர்ப்புகையும்’ என்பதாகும்.

நூலின் மையக் கருத்து முதல் நோக்கில் முரணாகத் தோன்றுவது. கூடுவதை எளிதாக்கிய சாதனமே கூடியோரின் பலவீனத்துக்கும் காரணமாகின்றது என்பதே அது. இதனை விளக்குதற்கு ஆசிரியர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தை எடுத்துக்கொள்கிறார். 1955 டிசம்பரில் மொன்ற்கொமரி நகரில் றோசா பார்க்ஸ் கைதுசெய்யப்பட்ட அன்றிரவே, கல்லூரி ஆசிரியையான ஜோ ஆன் றொபின்சன் பல்லாயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களைப் பிரதிசெய்தார். அவற்றை வீடுதோறும் சேர்ப்பிக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். பஸ்ஸைப் புறக்கணித்தோர் வேலைக்குச் சென்றுவர வாகனங்களும், அவற்றுக்கான நேர ஒழுங்கும், எரிபொருளுக்குப் பணமும் வேண்டியிருந்தன. 381 நாள்கள் நீடித்த இப்புறக்கணிப்பில் மேற்கொள்ளப்பட்ட அலுப்பூட்டும் வேலைகளே, மக்களிடையே பரஸ்பர நம்பிக்கையையும் கூட்டாக முடிவெடுக்கும் பயிற்சியையும் வளர்த்தன. வேலை கடினமாயிருந்தமையினாலேயே அமைப்பு உறுதிபெற்றது.

2011 இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்திலும் 2013 இல் இஸ்தான்புல்லின் கெஸி பூங்காவிலும் கூடியோர் இத்தகைய நீண்ட ஆயத்தமின்றியே பெருந்திரளாயினர். வழிகாட்டிகளின் துணையால் எவரெஸ்ற் சிகரத்தை எட்டும் அனுபவமற்ற மலையேறியுடன் ஆசிரியர் இவ்வியக்கங்களை ஒப்பிடுகிறார். காலநிலை மாறும்போதே அனுபவமின்மையின் விளைவு வெளிப்படும். அரசு பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் யார் செல்வது, முதல் உத்தி தோற்றால் அடுத்தது யாது என்னும் வினாக்கள் எழுந்தபோது, தலைமையற்ற திரள் விடையின்றித் தேங்கிநின்றது. ஆதலால், திரளின் அளவைக்கொண்டு இயக்கத்தின் வலிமையை மதிப்பிடலாகாது என்பதும், தன் நியாயத்தை எடுத்துரைக்கும் ஆற்றல், அன்றாட ஒழுங்கைத் தடைசெய்யும் ஆற்றல், தேர்தலிலும் நிறுவனங்களிலும் மாற்றம் விளைக்கும் ஆற்றல் ஆகிய மூன்றையும் அளவிட வேண்டும் என்பதும் நூலின் முடிவுகளாகும்.

நூல் வெளிவந்து ஐந்தாண்டுகளின் பின் நிகழ்ந்த இலங்கையின் 2022 ஆம் ஆண்டுப் போராட்டம் இம்முடிவுகளுக்கு உரைகல்லாக அமைகின்றது. மார்ச் 31 இல் மிரிஹானவில் மக்கள் கூடினர். ஏப்ரல் 3 இல் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது; ஒரு நாள் முடிவதற்குள்ளேயே அத்தடையை நீக்கவும் நேர்ந்தது. ஏப்ரல் 9 இல் காலிமுகத்திடலில் ‘கோட்டா கோ கம’ உருவாயிற்று. கெஸி பூங்காவிற் போலவே அங்கும் நூலகமும் சமையற்கூடமும் மருத்துவ முகாமும் தோன்றின. எரிபொருள் அரிதாயிருந்த யூலை 9 இல் மக்கள் புகையிரதங்களிலும் கொழும்பை வந்தடைந்தனர். யூலை 14 இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி துறந்தார். எட்டு நாள்களின் பின், யூலை 22 அதிகாலையில், படையினர் திடலிற் புகுந்து கூடாரங்களை அகற்றினர். விரைந்த வெற்றியும் அதனைத் தொடர்ந்த சிதைவும் துஃபெக்சியின் கணிப்புக்குப் பெரிதும் இயைவனவே.

எனினும், இரு திருத்தங்கள் அவசியமாகின்றன. முதலாவது, தலைமையற்றதாகத் தோன்றும் திரளின் பின்னே பழைய அமைப்புகள் இயங்குகின்றன என்பதாகும். ஏப்ரல் 28 இன் பொது வேலைநிறுத்தத்தையும் மே 6 இன் ஹர்த்தாலையும் நடத்தியவை தொழிற்சங்கங்களே. வீதிகளிற் கண்ணீர்ப்புகையை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டது அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம். 2020 பொதுத்தேர்தலில் 3 ஆசனங்களை மட்டுமே பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2024 இல் 159 ஆசனங்களைப் பெற்றது. பல தசாப்தங்களாகக் கிளைகளையும் ஊழியர்களையும் பேணிவந்த கட்சியொன்று அதன் மையத்தில் இருந்தமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. எகிப்தில் 2012 ஜனாதிபதித் தேர்தலில் வென்றதும் தஹ்ரீர் இளைஞரல்லர்; நீண்டகால அமைப்பான முஸ்லிம் சகோதரத்துவமே. ஆக, திரள் விட்டுச்செல்லும் வெற்றிடத்தை ஏற்கெனவே அமைந்திருப்போரே நிரப்புகின்றனர்.

இரண்டாவது திருத்தம் இன்னும் அடிப்படையானது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். 2022 ஆகஸ்டில் அது 2,000 நாள்களைக் கடந்தது. மொன்ற்கொமரி மக்களின் பொறுமைக்கும் ஒழுங்குக்கும் இது சற்றும் குறைந்ததன்று. ஆயினும், காலிமுகத்திடல் நூறு நாள்களுக்குள் ஒரு ஜனாதிபதியை அகற்றியபோது, வீதியோரத்தில் புகைப்படங்களுடன் அமர்ந்திருந்த தாய்மாருக்கு விடை கிடைக்கவில்லை. நீண்ட உழைப்பால் உருவாகும் அமைப்பு வலிமையாக மாறும் என்னும் சூத்திரம் இங்கு செல்லுபடியாகாமை ஏன்?

கவனம் சமமாகப் பகிரப்படுவதில்லை என்பதைத் துஃபெக்சியும் அறிவார். 2014 இல் பேர்குசன் நகரப் போராட்டச் செய்திகள் முகநூலில் பின்தள்ளப்பட்டமையை அவர் விவரிக்கிறார். ஆனால் குறையை அவர் முதன்மையாக நிறுவனங்களின் கணிப்பு முறைகளிலேயே காண்கிறார். இலங்கையிலோ தடை அதற்கு முந்தியது. மொழியாலும் இனத்தாலும் போரின் நினைவாலும் பிளவுண்ட சமூகத்தின் செவிப்புலன் சார்ந்தது. அதே முகநூல் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறையைத் தூண்டவும் பயன்பட்டது. தன் பங்குக்காக அந்நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. சாதனம் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் செவிமடுப்போரை விரைந்து கூட்டுகின்றது. செவிமடுக்காதோரை அது இணைப்பதில்லை.

2022 மே 18 இல் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவு அனுட்டிக்கப்பட்டுக் கஞ்சி பகிரப்பட்டமை இத்தடை தகர்க்கப்படக் கூடியதென்பதற்குச் சான்று. அது ஒரு நாள் நிகழ்வாக நின்றமை, தகர்த்தற்கு வேண்டிய வேலை தொடங்கப்படவில்லை என்பதற்கும் சான்று. கோரிக்கைகளை இரு மொழிகளிலும் எழுதுதல், கிளிநொச்சியின் கோரிக்கையைக் கொழும்பின் கோரிக்கைப் பட்டியலிற் சேர்த்தல், அது குறித்து எழும் கசப்பான விவாதத்தை முறியாது நடத்துதல் ஆகியவை எந்தக் கருவியும் சுருக்கித்தர இயலாத வேலைகள். றொபின்சன் துண்டுப்பிரசுரங்களைப் பிரதிசெய்தது தாம் கற்பித்த கல்லூரியிலேயே, தம் மாணவர் இருவரின் துணையுடன் என்பதைப் பல்கலைக்கழகத்தார் இவ்விடத்து நினைவுகூர்தல் தகும்.