பிழைப்புக் கத்தி

'சர்வைவல் நைஃப்' என்ற பொருளுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் கலைச்சொல் அறிஞர்கள் 'உயிர்காப்புக் கத்தி' என்று எழுதுவார்கள். நான் 'பிழைப்புக் கத்தி' என்பேன். பிழைத்தல் என்ற சொல்லுக்குள் உயிர் தப்புவது இருக்கிறது, வயிறு கழுவுவது இருக்கிறது, தவறு செய்வதும் இருக்கிறது. 'அவ பொழச்சிக்குவா' என்று ராயபுரத்தில் ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், காய்ச்சலிலிருந்து எழுந்துவிடுவாள் என்றும் பொருள், யார் தயவும் இல்லாமல் சம்பாதித்துக்கொள்வாள் என்றும் பொருள். ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டாவது பொருள் மங்கிவிட்டது. காட்டில் வழி தவறிய ஒருவன் ஊர் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கும் சில நாட்கள்தான் அங்கே பிழைத்தல். இங்கே அது தினப்படி வேலை.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்ட பிறகு, என் வகுப்பு மாணவிகளிடையே மலை ஒரு பேச்சாகிவிட்டது. திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருகிற, மலை என்றால் நிலக்கரிச் சாம்பல் மேடு என்று கேலி பேசுகிற பெண்கள். அவர்களில் ஒருத்தி கத்தி விளம்பரத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல எது மேம் வாங்கலாம்?" என்றாள். கத்தியைப் பற்றி ஒரு தமிழாசிரியையிடம் ஏன் கேட்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். ஆனால் தாளைப் பார்த்ததும் அது என் துறைதான் என்று புரிந்தது. அது ஒரு பனுவல். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பற்கள், ராணுவத்தையும் ஓநாயையும் வேட்டையையும் நினைவூட்டும் பெயர்கள். பிடித்திருக்கும் கை ஒவ்வொன்றும் நரம்பு புடைத்த ஆண் கை. பின்னணியில் பனிமலை. அந்தக் கத்தியால் யாரும் ஒரு வெங்காயம்கூட நறுக்கவில்லை.

இந்தப் படிமத்தை உலகம் முழுக்கப் பரப்பியது 1982-இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படம். ராம்போவின் கத்தியை வடிவமைத்தவர் ஜிம்மி லைல் என்ற அமெரிக்கக் கத்திக் கைவினைஞர். அதன் கைப்பிடி உள்ளே குழல்போல வெற்றாக இருக்கும். அதற்குள் தீக்குச்சி, ஊசி, நூல். காயம்பட்ட கையை ராம்போ தானே தைத்துக்கொள்ளும் காட்சிதான் அரங்கை உறையவைத்தது. எனக்கு அந்தக் காட்சி எப்போதும் சிரிப்பைத்தான் தருகிறது. ஒரு பெண்ணின் தையல் டப்பாவைக் கத்திக்குள் ஒளித்துவைத்து அதற்கு வீரம் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். வேடிக்கை அதோடு முடியவில்லை. கைப்பிடியை வெற்றாக்கினால் கத்தியின் இரும்பு பிடிக்குள் ஆழமாகப் போக முடியாது. கழுத்திலேயே நின்றுவிடும். அதனால் அந்தப் படத்துக்குப் பிறகு சந்தையில் குவிந்த மலிவு நகல்கள் அழுத்தினால் கழுத்தில் முறிகிற வகையாக இருந்தன.

விளம்பரத்தின் ஆணைக் கழித்துவிட்டு இரும்பை மட்டும் பார்த்தால், மடங்காத கத்தியைத் தேர்ந்தெடுப்பது அத்தனை கடினமில்லை. மடக்குக் கத்தியின் கீல்தான் அதன் பலவீனம். மண் நுழையும், வழுக்கும், விரல்மேல் மடங்கும். மடங்காத கத்தியில் இரும்பு கைப்பிடிக்குள் கடைசிவரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அலகு நான்கைந்து அங்குலம் போதும். முதுகின் கனம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். ரம்பப் பல் வேண்டாம், அதை வீட்டில் தீட்ட முடியாது. ஈரக்கை அலகின்மேல் சறுக்காமல் தடுக்க ஒரு மேடு வேண்டும். கைப்பிடியைச் சுற்றிப் பிடித்தால் விரல்நுனி உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். பெண்கள் இதை அவசியம் சோதிக்க வேண்டும்; பெரும்பாலான கைப்பிடிகள் கையுறை போட்ட பெரிய ஆண் கைக்கு அளவெடுத்தவை. ஸ்வீடனில் மோரா என்ற ஊர்ப் பெயரால் விற்கும் எளிய கத்திகளை உலகெங்கும் காட்டில் திரிகிறவர்கள் விரும்புவதற்குக் காரணம் அவை தச்சனும் மீனவனும் அன்றாடம் பிடிக்கிற கத்திகள் என்பதுதான். அவற்றில் ஓநாய் இல்லை.

ஆனால் அதை எங்கே எடுத்துப் போவது? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் வலை, கண்ணி, நஞ்சு இவற்றோடு கத்தியும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. காப்புக்காட்டில் நம் இஷ்டத்துக்குத் தீ மூட்டுவதும் குற்றம். விறகைப் பிளக்க, தீப்பொறி எழுப்ப, கூடாரக் கழி வெட்ட என்று அந்த விளம்பரம் சொன்ன பயன்கள் நம் மலையில் ஏறக்குறைய எல்லாமே சட்டவிரோதம். மிச்சம் இருப்பது கயிறு அறுப்பதும் கட்டுத்துணி கிழிப்பதும் கொய்யா வெட்டுவதும். அதற்கு ஒரு சின்னக் கத்திரிக்கோல் போதும்.

குரங்கணியை இங்கே சொல்லாமல் நகர முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து மலையில் காட்டுத்தீயில் சிக்கிய குழுக்களில் பெண்களே அதிகம். சென்னையிலிருந்து போனவர்கள் மகளிர் தினத்தை ஒட்டிக் கிளம்பியவர்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நம் ஊடகங்களிலும் டீக்கடைகளிலும் எழுந்த முதல் கேள்வி 'பொம்பளைங்களுக்கு எதுக்கு மலை?' என்பது. கோடையில் காய்ந்த புல் எப்படிப் பற்றும், காற்று ஏறும் சரிவில் தீ எத்தனை வேகமாக மேலேறும், எந்த மாதத்தில் எந்தப் பாதையை மூட வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் பேசப்பட்டன. எந்த எஃகும் அன்று யாரையும் காப்பாற்றியிருக்காது. காட்டை அறிந்தவர் ஒருவர் 'இன்னைக்கு வேணாம்' என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும்.

மாணவி கேட்க வந்ததும் முழுக்கக் காட்டைப் பற்றி இல்லை. இரண்டாவது முறை கேட்டபோது குரலைத் தாழ்த்தினாள். "கூட வர்றவங்க யாருன்னு தெரியாதுல்ல மேம்." கரடிக்கு இல்லை அந்தக் கத்தி. பெண்ணின் கையில் கத்தி என்றதும் நம் சமூகம் உடனே ஒரே ஒரு கதையைத்தான் எழுதுகிறது: தற்காப்பு, மானம். 2013 ஜனவரியில், டெல்லிக் கொடுமைக்குப் பின், மும்பையில் சிவசேனா பெண்களுக்குக் கத்தி விநியோகித்தது. தெருவைச் சரிசெய்வதைவிடக் கத்தி மலிவு. தாக்கப்பட்டால், 'கொடுத்தோமே, ஏன் குத்தவில்லை?' என்ற கேள்வியும் கூடவே இலவசம்.

நம் பாடத்திட்டத்திலும் இந்தக் கதை இருக்கிறது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாட்டில், மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்ட தாய், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். 'வீரத்தாய்' என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதவைக்கிறோம். நான் இப்போது வகுப்பில் அந்த வாளைப் பார்க்கச் சொல்கிறேன். பகைவர் யாரும் அதன் எதிரே இல்லை. அந்த வாள் பிணத்தைத் திருப்புகிறது, அல்லது அவளுடைய சொந்த உடலை நோக்கித் திரும்பியிருக்கிறது. மானத்தின் பெயரால் பெண்ணிடம் தரப்படும் இரும்பு எந்தப் பக்கம் கூர்மையானது என்பதை அந்தக் கவி அறிந்தே எழுதியிருக்கிறாள் என்பது என் வாசிப்பு. வீரயுகம் என்ற ஒரே கண்ணாடி வழியே படித்தவர்களுக்கு அது படவில்லை.

கத்தியை அறிந்த பெண்களைப் பார்க்க நான் மலைக்குப் போக வேண்டியதில்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் ஓய்ந்த பிறகு, வரிசையாக அரிவாள்மணையும் மரக்கட்டையும் போட்டு மீன் வெட்ட உட்கார்ந்திருப்பார்கள். உலகத்திலேயே மிக மடங்காத கத்தி நம் அரிவாள்மணைதான். அது மடங்காது என்பது மட்டுமில்லை, அசையவே அசையாது. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கையும் விடுதலை. மீன்தான் கத்தியிடம் வரும். கத்தியை வீசுவது என்ற ஆண் சைகையே இந்தக் கருவியில் கிடையாது. செவுளைப் பிய்த்து, செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, ஒரு சங்கராவைப் பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். விளம்பரக் கத்தியின் படத்தை நான் வழக்கமாக மீன் வெட்டித் தரும் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"முதுகுல இன்னாத்துக்கு டீச்சரம்மா பல்லு? துணி மாட்டும். எவர்சில்வரா இது? பளபளன்னு இருக்கும், ரெண்டு வஞ்சிரத்துக்குத் தாங்காது."

அவருடைய கத்தி லாரிப் பட்டையில் அடித்தது. லாரியின் ஸ்பிரிங் பட்டை கரிச்சத்து மிகுந்த எஃகு. வளைந்தாலும் முறியாமல் நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டது. காய்ச்சி அடித்துத் துவைத்தால் நல்ல கூர் ஏறும், கல்லில் சுலபமாகத் தீட்டலாம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பது அதன் குறை. அதற்கு அவரிடம் தேங்காயெண்ணெய்த் துணி இருக்கிறது. கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது, மீன் நிணத்தில் வழுக்காமலிருக்க. துருவா கூரா என்று மலையேறிகள் ஓயாமல் மோதிக்கொள்ளும் விவாதத்தை எண்ணூரில் லாரி செய்கிற தொழிற்சாலைக்குச் சில மைல் தெற்கே, குந்தியிருந்து வேலை செய்யும் ஒருவர் எண்ணெய்த் துணியால் தீர்த்துவைத்திருக்கிறார். அந்தக் கத்தியின் அலகு வாங்கியபோது இருந்ததில் பாதி அகலம்தான் இப்போது. மீதியைச் சாணைக்கல் தின்றுவிட்டது.

இந்தப் பார்வை நமக்குப் புதிதும் இல்லை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையிடம் அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை புகழ்வதுபோலச் சொல்கிறாள்: உன்னுடையவை மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, அவனுடையவை குத்திக்குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தமிழில் ஒரு பெண் செய்த முதல் கத்தி விமர்சனம் அது. விமர்சிக்கப்பட்டவன் எங்கள் தொண்டை நாட்டு அரசன் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அளவுகோல் சரியானது: கத்தி எப்படி இருக்கிறது என்று பார்க்காதே, எங்கே கிடக்கிறது என்று பார். ஔவைக்கு அது போர் சார்ந்த அளவுகோல். நான் அதைப் போரிலிருந்து கழற்றிக் காசிமேட்டுக்குக் கொண்டுவருகிறேன்.

1986-இல் உர்சுலா லெ குவின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, மனிதரின் முதல் கருவி ஈட்டியாக இருந்திருக்காது, பையாக இருந்திருக்கும் என்று வாதிடுகிறது. கதையும் அப்படியொரு பையாக இருக்கலாம் என்கிறது. பெண்ணியர்கள் பலர் அதை மந்திரம்போலச் சொல்கிறோம். எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. பை பெண்ணுக்கு, அலகு ஆணுக்கு என்ற பாகப்பிரிவினையை நாமே கையெழுத்திட்டுத் தந்துவிடுகிறோமோ? ஆர்க்டிக் பனியில் வாழும் இனுவிட் மக்களிடம் 'ஊலூ' என்று ஒரு பிறைவடிவக் கத்தி இருக்கிறது. அது பெண்ணின் கத்தி. தோலுரிக்க, மீன் அறுக்க, உடுப்புக்குத் தோல் வெட்ட எல்லாம் அதுதான். அந்தக் குளிரில் உடுப்பு இல்லாமல் எந்த வேட்டைக்காரனும் ஒரு நாள் தாங்க மாட்டான். ஆக, பூமியின் கடுமையான நிலம் ஒன்றில் உயிர்காத்த கத்திகளில் ஒன்று பெண் கையில் இருந்தது. விளம்பரத்தாளில் பனிமலையை வைத்தவர்கள் அதைக் காணவில்லை.

மாணவியிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. விசில், டார்ச், தண்ணீர், கத்திரிக்கோல் என்று சொன்னேன். குழுவில் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே பெயரோடு கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு, கேட்டுப் பதில் வராத குழுவோடு போகாதே என்றும் சொன்னேன்.

இன்னொரு சட்டம் பாக்கி இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை தவிர. அக்காவின் வெட்டுக்கத்தி இந்த அளவைத் தாண்டும். அவர் உட்கார்ந்திருக்கும்வரை அது தொழில். பெண்ணின் மடிக்குக் கீழே இருப்பதால் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. வடசென்னையைக் கத்தியால் அடையாளப்படுத்துகிற நம் சினிமாக்கள்கூட, இந்த ஊரில் கத்தியோடு அதிகநேரம் இருக்கிறவர்கள் இவர்கள்தான் என்பதைக் கவனித்ததில்லை. மலைக்குப் போகிற பையன் முதுகுப்பையில் வைத்திருந்தால் அது பொழுதுபோக்கு. ஆனால் காசிமேட்டுப் பையன் கையில் அதே இரும்பைப் பார்த்தால்?

"சாணைக்கு இவங்கிட்ட குடுத்தனுப்ப மாட்டேன்" என்றார் அக்கா, பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த மகனைக் காட்டி. "வழியில நிறுத்திக் கேட்டா இன்னா சொல்லுவான்? நான் சொன்னா மீன்காரி. அவன் சொன்னா யார் நம்புவாங்க?" கத்தியைப் பழைய சேலைத் துணியில் சுற்றி, மீன்கூடையின் அடியில் வைத்து, மேலே நாலு கானாங்கெளுத்தியைப் பரப்பி, அவரேதான் எடுத்துப் போகிறார்.