ஒரு டிஸ்க், பத்து கம்ப்யூட்டர்

விண்டோஸ், டேலி, தமிழ் எழுத்துரு, பிரிண்டர் டிரைவர் என்று சாமளாபுரம் பக்கத்து விசைத்தறி அலுவலகக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்ற அரை நாள் போய்விடும். பத்து கம்ப்யூட்டர் என்றால்? விவரமான சர்வீஸ்காரர் ஒன்றைப் பக்காவாக அமைத்து, அந்த ஹார்டு டிஸ்க்கையே குளோன் செய்துவிடுவார்.

நியூசிலாந்தில் பிறந்து 1998இல் சைமன்டெக் வசமான ‘கோஸ்ட்’ மென்பொருள் ஒருகாலத்தில் இதற்குப் பேர்போனது. இன்று தைவானின் இலவச குளோன்சில்லா. அதன் அழகே சிக்கனம்தான்: 500 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபி நிரம்பியிருந்தால் அதை மட்டும் நகலெடுக்கும். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தாலோ, பழைய டிஸ்க்கின் குப்பை ஏறி, அமைத்ததெல்லாம் போச்சு! அழிக்கும் முன் அது ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பது சும்மா இல்லை.

நகலெடுக்குமுன், கம்ப்யூட்டரின் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவியான சிஸ்பிரெப்பை ஓட்டுவது முறை. இல்லையேல் ஒரே பெயரில் இரண்டு கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் மோதும். விண்டோஸ் லைசென்ஸ் மட்டும் குளோனாகாது, கம்ப்யூட்டருக்கு ஒன்றாக வாங்கியே தீரவேண்டும்.