கொலுசு இல்லாத பேய்

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் பேய்க்கதை எழுதுவார். எதுவும் அச்சில் வந்ததில்லை. எல்லாம் 192 பக்க நோட்டில், நீல மையில், அடித்தல் திருத்தலோடு. அவருடைய பேய்க்கு வெள்ளைச் சேலை, கொலுசு, மல்லிகை வாசம் எதுவும் கிடையாது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் கிணற்று ராட்டினம் ஒருமுறை கிறீச்சிடும். போய்ப் பார்த்தால் கயிறு நனைந்திருக்கும். அதற்கே முதுகு சில்லிட்டுப்போகும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் விளக்காமல் விட்டுத்தான் பயமுறுத்துகிறது. (இவரை அவரோடு ஒப்பிடவில்லை, இவர் எழுதும் துப்பறியும் கதைகளில் கொலையாளியை மூன்றாம் பக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவார்.)

கடைக்காரரின் கவிதைகள் இன்னும் சுருக்கம். நாலு வரி, நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் யாரோ மூச்சு விடுவது போலிருக்கும். ஒரு சொல்லுக்காக இரண்டு வாரம் காத்திருப்பாராம். கேட்டால் நோட்டைத் தருவார். பகலில் வாங்கிப் படியுங்கள்.