மிளாவைப் பார்ப்பது எப்படி?

தென்னிந்தியக் காடுகளின் மிகப் பெரிய மான் மிளா. வளர்ந்த கடாவின் தோள் உயரம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர். எடை 200 கிலோவைத் தாண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கு மேலுள்ள காடுகள், கீரிப்பாறை, காளிகேசம், மாறாமலை என மலையடிவாரம் நெடுக அதன் நடமாட்டம் உண்டு. 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். ஒருபுறம் களக்காடு முண்டந்துறை, மறுபுறம் கேரளத்தின் நெய்யாறு என்று காடு தொடர்கிறது. ரப்பரும் கிராம்பும் காட்டை ஒட்டியே நிற்பதால், தோட்ட ஓரத்தில் அந்தி நேரத்தில் மிளாவைக் காண்பது இங்கே அதிசயமில்லை. ஆனால் கண்ணில் பட்டது எப்படிப்பட்ட மிளா, அது வாழும் காடு எப்படிப்பட்ட காடு என்று படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் பொது வேட்டைப் பருவத்துக்கு உரிமச் சீட்டு வாங்குகிறவர் முதலில் இரண்டு செய்திகளை விசாரிப்பார்: அந்தக் காட்டில் மானின் தரம் எப்படி, துப்பாக்கியோடு வருகிறவர்கள் எத்தனை பேர். அமெரிக்காவின் உட்டா மாநிலம், பொதுப் பருவக் காடுகளில் 100 பெட்டைக்கு 15 முதல் 20 கடாவாவது மிஞ்சும்படி சீட்டுகளின் எண்ணிக்கையை அளந்து கொடுக்கிறது. இந்தப் பக்கத்து அசம்பு மலையில் காப்பித் தோட்டம் போட்ட துரைமார் காலத்தில் இங்கும் துப்பாக்கி பேசியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஆயினும் அந்த இரண்டு கேள்விகளும் காலாவதியாகவில்லை. முதல் கேள்வி மிளாவைப் பார்க்க வருகிறவருக்கு வேண்டும். திருட்டு வேட்டை இருக்கும்வரை இரண்டாவதும் வேண்டும்.

முதலில் கொம்பு. கடாவுக்கு மட்டுமே கொம்பு உண்டு. அது பெரும்பாலும் ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். முளைக்கும் காலத்தில் மயிர் அடர்ந்த மெல்லிய தோல் அதைப் போர்த்தியிருக்கும், உள்ளே இரத்தம் ஓடும். முற்றியதும் கடா அதை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். இடுப்புயரத்தில் பட்டை கிழிந்து, ஈரம் காயாமல் நிற்கும் இளமரம் ஒன்றைக் கண்டால் பக்கத்தில் முற்றிய கொம்போடு ஒரு கடா உலவுகிறது என்று பொருள். குளிர்காலத்தில் முழுக்கொம்போடும் கோடையில் மொட்டைத் தலையோடும் தெரிவது பெரும்பாலான கடாக்களின் வழக்கம். ஆகவே ஏப்ரலில் பார்த்த மொட்டைத் தலையை வைத்துப் பெட்டை என்று கணக்கெழுதிவிடக் கூடாது. கழுத்தின் பருமனையும் பிடரி மயிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் கிளைகளை எண்ணி வயதைச் சொல்ல முயல்வார்கள். மிளாவிடம் அந்தக் கணக்கு செல்லாது. முதல் கொம்பு கிளையில்லாத வெறும் முள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கிளை வரும். பிறகு நெற்றிக்கிளை ஒன்று, நுனியில் கவையாகப் பிரிந்த இரண்டு, ஆக மூன்று முனைகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் வயது ஏற ஏற கூடுவது பருமனும் நீளமும்தான்; முதுமையில் அதுவும் குறையும். எனவே அடித்தண்டின் கனத்தையும், அடியில் வளையமாகப் பருத்திருக்கும் முடிச்சையும், மேற்பரப்பின் சொரசொரப்பையும் கவனிக்க வேண்டும். தூரத்தில் நிற்கும் விலங்குக்குக் காதுதான் கைவசமுள்ள அளவுகோல்: காதின் நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எழுந்த கொம்பு இந்தப் பக்கத்துக்கு நல்ல கொம்பு. பழைய வேட்டைப் பதிவுகளின் மிகப் பெரிய கொம்புகள் மத்திய இந்தியாவைச் சேர்ந்தவை. அவற்றோடு தெற்கத்தி மிளாவை ஒப்பிட்டு ஏமாற வேண்டியதில்லை.

கொம்பைவிட உடல் நம்பகமான சாட்சி. இடுப்பெலும்பு துருத்தாமல், முதுகுத்தண்டு மூடியிருந்தால் தீனிக்குக் குறைவில்லை. தொண்டையின் அடிப்பக்கத்தில் மயிர் உதிர்ந்து சிவந்த ஒரு திட்டு சில மிளாக்களிடம் தெரியும். சமயத்தில் கசியவும் செய்யும். துப்பாக்கிக் காயமோ சொறியோ என்று பதறுகிறவர்கள் உண்டு. மணம் பரப்பச் சுரக்கும் இடமாக அது கருதப்படுகிறது.

இனி வேட்டையின் நெருக்கடி. புள்ளிமானைப் போல மிளா பெருங்கூட்டம் சேராது. தனியாகவோ நாலைந்தாகவோ இருப்பதே அதன் இயல்பு. கூட்டம் சிறுத்திருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது நடந்துகொள்ளும் விதம்தான் சொல்லும். தொந்தரவு குறைந்த காட்டில் மிளா மனிதரைக் கண்டதும் நிற்கும். காதுகளைக் குவித்து, முன்னங்காலால் நிலத்தை ஓங்கி மிதித்து, வாலை நிமிர்த்தி, உரத்த ஒற்றைக் குரலில் எச்சரித்துவிட்டுத்தான் விலகும். துரத்தப்பட்டுப் பழகியது அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்ளாது. சத்தமின்றிப் புதருக்குள் நழுவும், இருட்டிய பிறகே வெளியே வரும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1860களில் கொண்டுபோய் விடப்பட்ட இதே மிளா இன்று அங்கே சட்டப்படி வேட்டையாடப்படுகிறது. அந்நாட்டு வேட்டைக்காரர்கள் தேடிப்போவதிலேயே மிகக் கடினமான விலங்குகளுள் ஒன்றாக அது பேர்பெற்றிருக்கிறது.

சிறுத்தையும் செந்நாயும் மிளாவை மிரட்டும். ஆனால் ஒரே திசையைப் பார்த்தபடி தொடர்ந்து கத்தும் மிளா அநேகமாக அவற்றைக் கண்டிருக்கிறது. மனிதர் கைவரிசைக்கு வேறு தடயங்கள் உண்டு. இங்கே திருட்டு வேட்டை பெரும்பாலும் இறைச்சிக்கு. கொம்பில்லாத பெட்டையும் அதில் போகும். ஓரக்காடுகளில் குட்டியோடு பெட்டை தென்படவில்லை என்றால் அது கவலைப்பட வேண்டிய செய்தி. மிளா சுமார் எட்டு மாதம் சுமந்து வழக்கமாக ஒரே குட்டி ஈனும். இழப்பை ஈடுகட்ட அதற்கு நெடுங்காலம் வேண்டும்.

மிளாத் தடத்தில் குனிந்து பார்த்தால் கண்ணி அகப்படலாம். பைக்கின் கிளட்ச் கம்பியோ பிரேக் கம்பியோ போதும். இரண்டு இளமரங்களுக்கு நடுவே தடம் குறுகும் இடத்தில் கழுத்துயரத்துக்குச் சுருக்கு தொங்கும். விலங்கு விலகிப் போகாதபடி இருபுறமும் வெட்டிப் போட்ட முள். கம்பியை அகற்றிய பின்னும், கட்டிய மரத்தின் பட்டையில் சுற்றிவர ஆழமாக அறுந்த தழும்பு மிஞ்சும். மாட்டிய விலங்கு இழுத்த இழுப்பு அது. கண்ணிக்குக் கடா, பெட்டை, குட்டி என்ற பேதமே கிடையாது என்பதால் துப்பாக்கியைவிடக் கொடியது அதுதான். தோட்டங்களில் கைவிடப்பட்ட நாய்களின் கூட்டமும் குட்டிகளுக்கு எமன்.

பார்க்க ஏற்ற நேரம் விடியலும் அந்தியும். கோடையில் அணை நீர் வடிந்து கரையில் புல் துளிர்க்கும் இடங்களை ஓர் உயரமான இடத்திலிருந்து பைனாகுலரில் பார்ப்பது நல்லது. காற்று மிளாவின் பக்கமிருந்து பார்ப்பவர் பக்கம் வீச வேண்டும். அதன் மூக்கு நம் கண்ணைவிடக் கூர்மையானது. ஈரமண்ணில் நாலு விரற்கடை நீளத்துக்கு இரட்டைக் குளம்பு பதிந்திருந்தால் அது வளர்ந்த மிளா. காட்டுப்பன்றியின் தடத்தில் பின்னால் இரண்டு சிறு நகங்களும் பக்கவாட்டில் பதியும். இரவில் வெளிச்சம் அடித்துப் பார்க்கவே கூடாது. வேட்டைக்காரர் வழி அது.

சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியோடு மட்டுமே போக வேண்டும். உதிர்ந்த கொம்பு கிடந்தாலும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கண்ணியைக் கண்டவர் இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை.