ஒரு பிடிச் சேறும் இருபது மெகாவாட்டும்

மருத்துவர் பால் பிராண்டு எழுதி 1980களில் வெளியான ‘ஒரு பிடிச் சேறு’ எனும் ஆங்கிலக் கட்டுரை, படைப்பைப் பேணுதல் பற்றிய அருளுரைகளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. கட்டுரையாசிரியர் கொல்லிமலையில் 1914-ல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை மருத்துவத்தால் உலகறியப்பட்டவர். கட்டுரையின் மையம் மிக எளியது. மலைச்சரிவின் படிவயலில் தவளை பிடித்து விளையாடிச் சேற்றைக் கலக்கிய சிறுவரை, ஊர் முதியவர் ஒருவர் நிறுத்தி, வரப்பைத் தாண்டிக் கீழே வழியும் நீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்கிறார். நீர் தெளிவாயிருந்தால் மண் வயலில் தங்குகிறது. கலங்கியிருந்தால், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் சோறு மலையை விட்டு இறங்கிப் போகிறது.

இக்கட்டுரையை மண்ணைப் பற்றியது என்று மட்டும் வாசிப்பதே நம் வழக்கம். அதனை ஆற்றலைப் பற்றிய கட்டுரையாகவும் வாசிக்கவேண்டிய நெருக்கடி நமக்கு நேர்ந்துள்ளது என்பது எம் துணிபு. அதே மலையின் ஓடைகளைத் தடுத்துத் திருப்பி, குழாய்களின் வழியே அடிவாரத்திற்கு இறக்கி, 20 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு மின்வாரியம் மேற்கொண்டது. காற்று, கதிரவன், நீர் ஆகிய இவற்றைப் ‘புதுப்பிக்கத்தக்கவை’ என ஒரே பெயரால் அழைத்து, நிலக்கரிக்கு எதிரே நிறுத்தி, சபைகளும் வாழ்த்திப் பேசுகின்றன. நிலக்கரிப் புகையை எண்ணுகையில் அவ்வாழ்த்து நியாயமானதே. ஆயினும் அப்பெயர் எந்த அளவுக்கு மெய்யானது என்ற வினாவுக்கு, முதியவரின் வரப்பே விடை தருகிறது.

நீர்மின்சாரத்தின் கணக்கு சிக்கலானதன்று. வினாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்பு ஏதுமின்றி ஏறக்குறைய 980 கிலோவாட் கிடைக்கும். விழும் உயரம் மிகுந்தால் சிறிதளவு நீரே போதும். கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாய் எழுந்து நிற்கும் கொல்லிமலையின் சிறு ஓடைகள் பொறியியலார் கண்ணில் பட்டதன் காரணம் இதுவே. ஆனால் உயரம் தானாக மின்சாரம் தருவதில்லை. மழை நின்ற பின்னும் ஓடை ஓடவேண்டும். ஓடை ஓட ஊற்று வேண்டும். ஊற்றுக்குக் காடும் அதன் அடியிலுள்ள மண்ணும் வேண்டும். சோலை அழிந்த சரிவில் பெய்த மழை சில மணி நேரத்தில் வெள்ளமாய் இறங்கிவிடும்; பங்குனியில் டர்பைன் சும்மா நிற்கும். அவ்வெள்ளத்தோடு வரும் மணலோ பொறிக்கே பகை. மிகுந்த உயரத்திலிருந்து பீறிடும் நீரிலுள்ள நுண்மணல், டர்பைனின் எஃகைத் தேய்த்துவிடும் தன்மையது. நீரை உள்வாங்கும் இடத்திலே வண்டல் படியவைக்கும் தொட்டி கட்டுவது இதனால்தான். வயலை இழந்த மண் அங்கே குப்பையாக வாரி எறியப்படும். பிராண்டின் முதியவர் மின்சாரத்தை எண்ணிப் பேசவில்லை. எனினும் மின்நிலையத்தின் ஆயுளை அளக்கும் அளவுகோல் அவர் கையிலிருந்தது.

சங்கீதம் 104:30 பூமியின் முகத்தைப் புதிதாக்குதலைப் பற்றிப் பேசுகையில் அச்செயலை ஆண்டவருடைய ஆவிக்கே உரியதாக்குகிறது. மின்வாரியத்தின் சொல்லகராதியில் அதே வினை, பொருளின் இயல்பாக, நீருக்குள்ளே தானாய் அமைந்த குணமாக மாறிவிடுகிறது. இது சிறு மாற்றமன்று. குணமாகக் கருதினால் பேணவேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

இனி, கட்டுரையின் குறைக்கு வருவோம். தாம் மீண்டும் இந்தியாவுக்கு வந்தபோது மலைகளில் காடழிந்து மண் கரைந்திருந்ததைப் பிராண்டு உள்ளம் நொந்து எழுதுகிறார். ஆனால் அழிவின் வேரைப் பெரிதும் மனிதரின் பேராசையிலும் முன்னோர் அறிவை மறந்ததிலும் காண்கிறார். முதியவர் ஞானியாக நிற்கிறார்; அவருடைய மக்களாகிய மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது) சந்தையில் எந்நிலையில் நிற்கின்றனர் என்பது தெரியவில்லை. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில், சமவெளியின் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பரவிற்று. கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் கிளறப்படுகிறது என்பதை அறியாமலா அவர்கள் பயிரிட்டனர்? பணம் தந்த பயிர் அது ஒன்றே. மலைமுடியின் பாக்சைட்டை மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி வெட்டி எடுத்தது. அதன் உருக்காலை மேட்டூரில் இருந்தது. ஒரு டன் அலுமினியத்தை உருக்க 13,000 முதல் 15,000 யூனிட் வரை மின்சாரம் தேவைப்படும். அப்படியாயின், மலையின் மண்ணைக் கரைத்ததில் மின்சாரத்துக்கும் பங்குண்டு. ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டு, எதற்குச் செல்கிறது என்று கேளாத இறையியல், முதியவரின் பாடத்தில் பாதியையே கற்றதாகும்.

மறுபுறம், மின்சாரமே வேண்டாம் என்று சொல்லும் உரிமை, விசிறியின் கீழ் அமர்ந்து எழுதும் நமக்கு இல்லை. சாமையின் உமியை உரலிலிட்டுக் குத்தி நீக்கியவர்கள் பெண்கள். அவர்களுடைய தோள்களும் நாள்தோறும் புதுப்பிக்கப்பட்ட ஆற்றலே. எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க முயன்றபோது, விதையைப் போலவே உமி நீக்கும் பொறியும் இன்றியமையாததாயிற்று. இடிக்கும் உழைப்புக்கு அஞ்சியே பல வீடுகளில் சாமைச்சோறு மறைந்து அரிசி வந்தது. மலையூரில் ஒரு சிறு ஆலை ஓடத் தேவையானது சில கிலோவாட்டுகளே; அது சாமையையும், சாமை நிற்கும் சரிவையும், பெண்ணின் தோளையும் ஒருசேரக் காக்கும்.

தமிழ்நாட்டின் காற்றாலைகளின் மொத்த நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. அதன் அருகே வைத்தால் 20 மெகாவாட் ஐந்நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. இவ்வளவு சிறிய தொகைக்காக ஓடைகளைத் திருப்புவது தகுமா என்று சிலர் கேட்பர். தகும் என்றோ தகாது என்றோ அளவைக் கொண்டு மட்டும் நாம் சொல்லமாட்டோம். திருப்பிய இடத்துக்குக் கீழே கோடையில் ஓடையில் எவ்வளவு நீர் விடப்படுகிறது, நீர்ப்பிடிப்புப் பகுதியின் சோலைக்கு மின் வருவாயிலிருந்து என்ன செலவிடப்படுகிறது, அடிவாரத்தில் பிறக்கும் மின்சாரம் முதலில் எந்தக் குடியிருப்புக்கு ஏறிச் செல்கிறது என்ற மூன்றையும் அறிந்த பின்பே ‘புதுப்பிக்கத்தக்கது’ என்ற பெயரை அதற்கு இடலாம்.

களப்பணிக்காகக் கொல்லிமலை செல்லும் மாணவர், பிராண்டின் பெற்றோர் ஊழியம் செய்த இடங்களைக் கண்டு திரும்புவதோடு நில்லாமல், ஐப்பசி மழையில் ஓர் ஓடையருகே நின்று, மேலே காடுள்ள பக்கத்திலிருந்து ஒரு குவளையும் மரவள்ளிச் சரிவின் கீழிருந்து ஒரு குவளையும் நீர் மொண்டு, இரவு முழுவதும் அசையாமல் வைத்து, காலையில் அடியில் படிந்ததை விரலால் அளந்து பார்க்கட்டும். அந்த அளவோடு கட்டுரையை மறுபடியும் வாசிக்கட்டும்.