கோப்பைக்குள் புயலா?

'தேநீர்க் கோப்பையில் புயல்'. ஆங்கிலத்திலிருந்து வந்து நம்ம பத்திரிகைத் தலைப்புகளில் தங்கிவிட்ட தொடர். அற்ப விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று பொருள்.

தேநீர் பின்னால் சேர்ந்ததுதான். பழைய ரோமானியர்களுக்கு இது 'கரண்டிக்குள் அலை'. அர்ப்பினம் என்ற சின்ன ஊரில் வாக்குச்சீட்டுச் சட்டம் கொண்டுவர முயன்ற கிராடிடியஸைப் பற்றி சிசரோ அப்படி எழுதுகிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அப்பன் கரண்டியில் எழுப்பிய அலையை மகன் பிறகு ஏகியன் கடலிலேயே எழுப்பினான் என்கிறார். நாம இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டோம்.

நம்ம ஊர்ச் சொலவடை 'பேனைப் பெருமாளாக்குவது'. இதில் குற்றம் பெரிதாக்குபவன் மேல்தான். பேன் கடிப்பதை யாரும் மறுக்கவில்லை. கோப்பைத் தொடரோ இடமே சின்னது என்று சொல்லிவிடுகிறது. அளவெடுப்பவர் எப்போதும் கோப்பைக்கு வெளியே நிற்பவர்!

2011-ஐ எடுத்துக்கொள்வோம். நவம்பரில் 'டேம் 999' படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. கற்பனை அணை உடையும் கதை; தலைப்பில் மட்டும், 1886-இல் போட்ட முல்லைப் பெரியாறு குத்தகையின் 999 ஆண்டுகள். அந்தத் தடை, பேனைப் பெருமாளாக்கிய வேலை என்றே நினைக்கிறேன். தானாக ஓடி அடங்கியிருக்க வேண்டிய படத்துக்கு இலவச விளம்பரம்.

டிசம்பரில் கம்பம், கூடலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்களே, அது வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கு. 1979-இல் 136 அடிக்கு இறக்கிய நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லியும் நடக்கவில்லை. இதைக் கோப்பை என்றால், கோப்பையின் அளவு தெரியவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பக்கமும் இதே நியாயம்தான். அந்த ஆண்டு இடுக்கியில் நில அதிர்வுகள் வந்தபோது வண்டிப்பெரியாற்றில் இருப்பவர் பயந்ததை நாம 'வீண் பீதி' என்றோம். அணை பலமாக இருக்கிறது என்று நீதிபதி ஆனந்த் குழு 2012-இல் சொன்னது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதி செய்தது. அவர்கள் கணக்கு தப்பு என்று அதை வைத்து வாதாடலாம். அணைக்குக் கீழே தூங்குகிறவரின் பயத்தை அற்பம் என்று சொல்ல முடியாது.

அடுத்த தடவை தலைப்பில் இந்தத் தொடரைப் பார்த்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: எழுதியவர் எங்கே நிற்கிறார்?